பட்டுக் கையுறை ஒரு மூடிதான். வேலை செய்வது கிரீம்

இரவு படுக்கும்போது போட்டுக்கொள்ளும் பட்டுக் கையுறையை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பட்டு கையை மென்மையாக்கிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். மென்மையாக்குவது உள்ளே பூசியிருக்கும் கிரீம். அந்தக் கிரீம் தலையணையிலும் போர்வையிலும் துடைபட்டுப் போகாமல் விடியும்வரை தோல் மேலேயே இருக்க வேண்டும். கையுறைக்கு உள்ள வேலை அவ்வளவுதான். அந்த வேலையை எந்தக் கையுறை ஒழுங்காகச் செய்கிறது, எது நடுராத்திரியில் கழற்றி எறிய வைக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாசகங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். ‘பட்டில் உள்ள அமினோ அமிலங்கள் தோலுக்கு ஊட்டம் தரும்’ என்று போட்டிருப்பார்கள். பட்டு இழை ஃபைப்ரோயின் என்ற புரதத்தால் ஆனது. அது தண்ணீரில் கரையாது; துணியாகப் போட்டுக்கொண்டால் அதிலிருந்து எதுவும் தோலுக்குள் இறங்காது. தலைமுடியும் புரதம்தான், அது உரசுவதால் கன்னம் மென்மையாவதில்லை. ‘பட்டு ஈரத்தை உறிஞ்சாது’ என்பதும் சரியில்லை. சாதாரண அறைக் காற்றில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பருத்தி சுமார் 8 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. பட்டு நன்றாகவே உறிஞ்சும். உறிஞ்சியும் நனைந்தது போலத் தோன்றாது என்பதுதான் அதன் குணம்.

தோல் அழற்சிக்கு மருந்து போல இதை விற்பவர்களும் இருக்கிறார்கள். 2017இல் பிரிட்டனில் எக்சிமா உள்ள 300 குழந்தைகளை வைத்து ஆறு மாதம் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு பட்டு உடையும் போட்ட குழந்தைகளுக்கு, சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அது உடைக்கான ஆய்வு, கையுறைக்கானது இல்லை. இருந்தாலும் ‘பட்டு குணப்படுத்தும்’ என்ற பேச்சுக்கு அதுவே போதுமான பதில்.

அப்படியானால் பருத்தியை விட்டுப் பட்டுக்குப் போவானேன்? இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று உராய்வு. பட்டு இழை நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அறுபடாமல் ஓடும் ஒரே இழை. பருத்தி சில சென்டிமீட்டர் நீளத் துண்டுகளை முறுக்கிச் செய்த நூல், அதனால் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெடித்த விரல் நுனிக்கும் உரிந்த நகக்கண்ணுக்கும் அந்த வித்தியாசம் உடனே தெரியும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூக்கம் வரும் நேரத்தில் உடல் தன் உள்சூட்டைக் கை கால் வழியாகத்தான் வெளியே விடுகிறது. அப்போது உள்ளங்கை வெதுவெதுப்பாகும். தடித்த கையுறை அந்தச் சூட்டை அடைத்துவிடும். போட்டுக்கொண்டு படுத்தவர் காலையில் கையுறையைக் கட்டிலுக்கு அடியில் தேடுவது இதனால்தான்; தூக்கத்திலேயே உருவி எறிந்திருப்பார். மெல்லிய பட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. விடியும்வரை கையில் இருக்கும் கையுறைதான் நல்ல கையுறை.

துணியைப் பார்த்து வாங்குவது

சந்தையில் ‘பட்டுக் கையுறை’ என்ற பெயரில் குறைந்தது மூன்று வகை கிடைக்கிறது. முதலாவது பட்டு நூலில் பனியன் துணி போலப் பின்னியது. இரண்டாவது நெய்த பட்டுத் துணியை வெட்டித் தைத்தது, பளபளவென்று இருக்கும். மூன்றாவது பட்டே இல்லாத பாலியஸ்டர்.

உறங்குவதற்குப் பின்னல் பட்டுதான் சரி. கை மடங்கும்போது கூடவே நீளும், விரலிடுக்கில் சுருங்கிக் குத்தாது. நெய்த பட்டுக்கு நீட்சி இல்லை. கையை மூடினால் புறங்கை மூட்டுகளில் இறுகும், விரித்தால் உள்ளங்கையில் மடிப்பு விழும். அந்த மடிப்புகளில் கிரீம் தேங்கி, மற்ற இடம் காயும். புகைப்படத்தில் நெய்த கையுறை அழகாகத் தெரிவதால் பலரும் அதில் ஏமாறுகிறார்கள். பின்னலில் 5 முதல் 8 சதவீதம் எலாஸ்டேன் (ஸ்பான்டெக்ஸ் என்றும் சொல்லும் நீளும் செயற்கை இழை) கலந்திருந்தால் குறையாக எண்ண வேண்டாம். தனிப் பட்டுப் பின்னல் சில துவைப்புகளில் தளர்ந்து தொங்கிவிடும். கொஞ்சம் எலாஸ்டேன் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

பட்டின் கனத்தை ‘மோம்மி’ என்ற அளவில் சொல்வார்கள். 1 மோம்மி என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 4.3 கிராம். 19 மோம்மி துணி சதுர மீட்டருக்கு 82 கிராம், 22 மோம்மி சுமார் 95 கிராம். தலையணை உறைக்குக் கனம் கூடினால் நல்லது என்று சொல்வார்கள், கையுறைக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். கனம் கூடினால் சூடும் கூடும், கிரீமை உறிஞ்சிக்கொள்ளத் துணியும் அதிகமாகும்.

லேபிளில் நாரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்டின் என்பது நெசவின் பெயர், நாரின் பெயர் கிடையாது. ‘100 சதவீதம் சாட்டின்’ என்று எழுதியிருந்தால் அது என்ன நார் என்று இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பாலியஸ்டராகத்தான் இருக்கும். ‘சில்க்கி’, ‘சில்க் ஃபீல்’, ‘ஐஸ் சில்க்’ எதுவும் பட்டு ஆகாது. ஐஸ் சில்க் பொதுவாக விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) அல்லது நைலான். பாலியஸ்டர் கையுறையில் வியர்வை போக இடமில்லாமல் உள்ளங்கை பிசுபிசுக்கும். அடர் நிறச் செயற்கைத் துணிகளில் போடும் சில சாயங்கள் தோல் ஒவ்வாமைக்குப் பேர் போனவை. எண்ணெய்ப் பசையும் சூடும் சேரும் இடத்தில் இரவு முழுக்கக் கை கிடக்கப் போகிறது. அதனால் பட்டானாலும் சாயம் போடாத வெள்ளை அல்லது சந்தன நிறமே எடுங்கள்.

சந்தேகம் வந்தால் தையலின் உள் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழை உருவி, இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே தீ காட்டிப் பாருங்கள். பட்டு மெதுவாக எரியும், தீயை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும். முடி கருகிய வாசனை வரும். மிச்சம் கருப்பாக, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணி போல நிற்கும், நசுங்காது. விஸ்கோஸ் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். எலாஸ்டேன் கலந்திருந்தால் முடிவில் கொஞ்சம் குழப்பம் வரலாம், ஆனால் முடி கருகும் வாசனை தப்பாது.

அடுத்து, கையுறையை உள்பக்கம் வெளியே திருப்பி ஒவ்வொரு விரல் நுனியையும் பாருங்கள். குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். மலிவான கையுறையில் விரலின் இரு பக்கமும் ஓடிவரும் தையல் நுனியைச் சுற்றி வளைந்து ஒரு மேடு போல நிற்கும். அந்த மேடு நகத்தின் விளிம்புக்கு நேராக உட்காரும். பகலில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தால் தெரியாது. இரவில் நகம் அந்த மேட்டைக் குத்திக்கொண்டே இருக்கும், காலையில் விரல் நுனி வலிக்கும், மூன்று நான்கு வாரத்தில் அதே இடத்தில் நூல் விட்டுப் போகும். நல்ல கையுறையில் நுனித் தையல் தட்டையாக இருக்கும், அல்லது நகத்துக்கு எதிர்ப்பக்கம், விரல் ரேகைப் பக்கமாகத் தள்ளி முடித்திருப்பார்கள். தையலே இல்லாமல் எந்திரத்தில் முழுதாகப் பின்னிய கையுறை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

அளவுக்கு, கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல் மூட்டுகளைச் சுற்றி டேப்பால் அளங்கள். குளிர்காலக் கையுறைக்கு அந்த அளவே போதும். உறங்கும் கையுறைக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். நடுவிரல் நுனிக்கும் துணிக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். மணிக்கட்டில் அகலமான பின்னல் பட்டை இருந்தால் நல்லது. மெல்லிய ரப்பர் நாடா வைத்ததைத் தவிருங்கள். காலையில் மணிக்கட்டில் பள்ளம் தெரிந்தால் அது இறுக்கம். அதோடு இயற்கை ரப்பரை, அதாவது லேடக்ஸை, பெட்ரோலியம் ஜெல்லி அரித்துவிடும். இரண்டு மாதத்தில் நாடா பிசுக்கென்று தளர்ந்து போவதற்கு அதுதான் காரணம். லேடக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

விரல் நுனி திறந்த கையுறை போனைத் தடவ வசதி. ஆனால் வறட்சி முதலில் பிடிப்பதும் ஆழமாக வெடிப்பதும் விரல் நுனியில்தான். அதை வெளியே விட்டுவிட்டுப் புறங்கையை மட்டும் மூடுவதில் என்ன பயன்?

உள்ளே என்ன, எவ்வளவு

உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. வியர்வைச் சுரப்பி மட்டும் நிறைய உண்டு. புறங்கைத் தோல் மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பியும் குறைவு. ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும் தோலின் மேல் அடுக்கில் செங்கல்லுக்கு நடுவே சாந்து போல இருக்கும் கொழுப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். அந்த இடைவெளிகள் வழியே நீர் ஆவியாகிப் போவதைத்தான் வறட்சி என்கிறோம். எனவே கிரீமுக்கு இரண்டு வேலை: நீரைப் பிடித்து வைப்பது, போகும் வழியை அடைப்பது. கிளிசரினும் யூரியாவும் பிடித்து வைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி அடைக்கும். அதைவிட நன்றாக அடைப்பது இந்த வகையில் வேறு எதுவும் இல்லை.

படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே தொடங்குங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், அதன் அடியில் சோப்பும் ஈரமும் தங்கித் தோல் புண்ணாகும். நகத்தின் கூர் விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்த்துத் துடைக்க வேண்டாம். தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், கிளிசரின் உள்ள கெட்டியான கிரீமைப் பூசுங்கள். டியூபிலிருந்து சுட்டுவிரலின் கடைசி மடிப்பில் தொடங்கி நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது ஒரு கைக்கு, முன்னும் பின்னும், போதும். இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு கிராம். இதற்கு மேல் பூசினால் மிச்சம் துணிக்குத்தான் போகும்.

ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. பூசிய கையோடு கையுறையை மாட்டினால் துணி கிரீமைக் குடித்துவிடும், பட்டு தோலோடு ஒட்டி இழுபடும், விரல்களுக்குள் ஏறவும் ஏறாது. வழுவழுப்பு அடங்கி, லேசான பசை மட்டும் மிஞ்சும்போது, இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை நகக்கண், மூட்டுகள், வெடிப்புகள் ஆகிய இடங்களில் மட்டும் தொட்டு வையுங்கள். பிறகு சாக்ஸ் போல மணிக்கட்டுப் பகுதியைச் சுருட்டி, ஒவ்வொரு விரலாக நுழையுங்கள். மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் ஈரப் பட்டு சுலபமாகக் கிழியும்.

சொரசொரப்பு அதிகமாக இருந்தால் 10 சதவீத யூரியா கிரீம் நன்றாக வேலை செய்யும். ஆனால் வெடிப்பில் பட்டால் எரியும். வெடிப்பு ஆறும்வரை கிளிசரினும் ஜெல்லியும் போதும். 20 சதவீதத்துக்கு மேற்பட்ட யூரியா காய்த்துப்போன தடித்த தோலுக்கானது, புறங்கைக்கு வேண்டாம். ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் உள்ள எதையும் பூசிக்கொண்டு கையுறை போடாதீர்கள். மூடி வைத்த தோல் மருந்தை வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இழுக்கும். முகத்தில் திறந்த நிலையில் ஒத்துக்கொள்ளும் அதே அளவு கையுறைக்குள் சிவந்து எரியும். ஸ்டீராய்டு களிம்புக்கு இது இன்னும் கண்டிப்பு. மூடச் சொல்லி மருத்துவர் சொன்னால் மட்டுமே மூட வேண்டும். வாசனைக் கிரீமையும் இரவில் தவிருங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் இரவு முழுக்கப் போடலாம். இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு என்று குறைத்துக்கொண்டால் போதும்.

முதல் நாள் காலையில் கை பஞ்சு போல இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது மேல் தோல் நீரில் ஊறி உப்பியிருப்பது. இரண்டு மூன்று தடவை கை கழுவினால் போய்விடும். மேல் தோல் முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயது கூடினால் இன்னும் அதிகம். நான்காவது வாரம் மாலையில், கிரீம் பூசுவதற்கு முன், மூட்டுகளில் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள்; உண்மையான சோதனை அதுதான். பகலில் வெறும் கையால் பாத்திரமும் துணியும் தேய்த்துவிட்டு இரவில் மட்டும் பட்டுப் போட்டால் அந்தக் கோடு மறையாது. தண்ணீர் வேலைக்கு உள்ளே பருத்தி லைனிங் உள்ள ரப்பர் கையுறையும், கழுவிய ஒவ்வொரு முறையும் ஒரு துளி கிரீமும் இதோடு சேர்ந்தே வர வேண்டும். வெயிலால் வந்த கரும்புள்ளிக்கும், உள்ளே கொழுப்பு குறைந்து நரம்பு தெரிவதற்கும் கையுறை எதுவும் செய்யாது. புள்ளி கூடாமல் தடுக்கப் பகலில் புறங்கைக்குச் சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

சிலருக்கு இது வேண்டவே வேண்டாம். நீர் வடியும் புண், சீழ், அரிக்கும் சிறு கொப்புளங்கள் இருந்தால் மூடக் கூடாது. ஒரு உள்ளங்கை மட்டும் மாவு போல உரிந்து, கூடவே இரண்டு பாதமும் அப்படி இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஈரமும் சூடும் அதை வளர்த்துவிடும், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளங்கை எப்போதும் வியர்த்துக் கொட்டுபவர்களுக்குக் காலையில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவர்கள் உள்ளங்கையில் ஜெல்லி வைக்காமல், இரண்டு மணி நேரத்தில் கழற்றிவிடுவது நல்லது. இரவில் கனமாக ஜெல்லியோ களிம்போ அப்ப வேண்டியவர்கள் பட்டுக் கையுறையை வீணாக்க வேண்டாம். 60 டிகிரி நீரில் துவைக்கக்கூடிய பருத்திப் பின்னல் கையுறைதான் அவர்களுக்கு ஏற்றது. இதில் பருத்திக்கே முதல் இடம். உள்பக்கம் ஜெல் படலம் வைத்து விற்கும் கையுறை அரை மணி நேரத்துக்கு மட்டும், உறங்க ஏற்றதில்லை.

துவைப்பதில்தான் பாதி ஆயுள்

இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். மூன்று இரவுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். வாங்கியதும் ஒருமுறை துவைத்த பிறகே போடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில், 30 டிகிரிக்கு மேல் போகாமல், அரை டீஸ்பூன் சாதாரண ஷாம்பூ கலந்து, கையுறையை உள்பக்கம் வெளியே திருப்பி ஐந்து நிமிடம் அலசுங்கள். ஷாம்பூ எண்ணெய்ப் பசையை எடுக்கும், புரத இழையைக் கெடுக்காது. சலவைத் தூளில் கறை நீக்கச் சேர்க்கும் புரோட்டியேஸ் என்ற நொதி புரதத்தைச் செரித்துவிடும். இரத்தக் கறையை எடுக்கும் அதே வேலையைப் பட்டின் மேலும் செய்து துணியை நைந்துபோக வைக்கும். குளோரின் பிளீச் பட்டைக் கரைத்தே விடும். கடைசி அலசலுக்கு முந்தைய நீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் சோப்பு மிச்சம் போய்ப் பளபளப்பு திரும்பும்.

முறுக்கிப் பிழியாதீர்கள், நனைந்த பட்டுக்கு வலு குறைவு. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகக் காயப் போடுங்கள். வெயில் பட்டால் மஞ்சளாகும். இன்னொன்றை மறக்கக் கூடாது: ஜெல்லியும் எண்ணெயும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. கையுறை போட்டுக்கொண்டு அடுப்பு, மெழுகுவர்த்தி, தீக்குச்சிப் பக்கம் போக வேண்டாம். டிரையரிலும் போட வேண்டாம். தாவர எண்ணெய் பூசுபவர்களுக்கு ஓரிரு மாதத்தில் கையுறையில் சிக்கு வாடை வரும். அது காற்றுப் பட்டு எண்ணெய் கெட்டுப்போவதால் வருவது. பெட்ரோலியம் ஜெல்லியில் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் தேய்வது கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகள். கையுறையைப் போட்டு விளக்குக்கு நேரே விரலைப் பிடித்தால், தேய்ந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். தைத்தால் அந்தத் தையலே நகத்தைக் குத்தும், அதனால் ஓட்டை விழுந்த பிறகு சரி செய்ய முயல வேண்டாம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இடது, வலது என்று பிரித்து வெட்டாத கையுறையாக இருந்தால், ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் கை மாற்றிப் போடுங்கள். நகம் உரசும் பக்கம் மாறி, ஒரே இடம் தேயாமல் இருக்கும்.